எள் என்னும் முன்

நான்கு லிட்டர்தான் குடிக்கும்.
அதற்கு லூலியோவில் ஆளுக்கொரு கருத்து.

காகிதக்கூழ் ஆலையில் இரவுப்பணி முடிந்து
இல்வா காபி ஊற்றும்போது
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டாக் சொல்கிறான்:
பழைய வண்டி, தடித்த எண்ணெய் போடு,
தேய்ந்த இடமெல்லாம் அடைபடும்.
எதிர்வீட்டு ஆர்வோ:
டிராக்டருக்கு ஊற்றுவதையே ஊற்று.
(டிராக்டர் இன்னும் ஓடுகிறது. அதுதான் ஆதாரம்.)
உதிரிபாகக் கடை மரித் ஒன்றும் சொல்லவில்லை.
உங்கள் பக்கம் விடிகாலையில் எவ்வளவு குளிர்
என்று மட்டும் கேட்டாள்.

மைனஸ் இருபத்தேழு.

அன்றிரவு பால்கனிக் கைப்பிடியில்
இரண்டு ஜாம் பாட்டில், இரண்டு எண்ணெய்.
காலையில் சாய்த்துப் பார்த்தாள்.
டாக் சொன்னது
யோசித்தது, யோசித்தது,
பாட்டிலின் தோள்வரை வந்து நின்றுவிட்டது.
மற்றது வழிந்து அவள் செருப்பை நனைத்தது.

முன்னெண் காலைக்கு,
பின்னெண் நெடுஞ்சாலைக்கு.

இருபது வயது தாண்டிய சாப்.
செய்த கம்பெனியே இல்லை,
வண்டிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.
டர்போவுக்குள் பென்சில் தடிமனில் ஒரு தண்டு,
நிமிடத்துக்கு லட்சம் சுற்று.
அதைத் தாங்குவது இரும்பல்ல,
முடியை விட மெல்லிய ஒரு வழுக்கல்.
சாவி திரும்பிய நொடியில்
எள் என்னும் முன் எண்ணெயாய் வந்து நிற்க வேண்டும்.
(எள்ளே இல்லாத எண்ணெய்தான்,
ஆலையில் கோத்த மூலக்கூறு.
பெயருக்குள் எள் இருக்கிறதே,
அந்தக் கடமைக்காவது.)

வடிகட்டி இரண்டு வகை.
நாற்பத்தொன்பது குரோனர்,
நூற்று இருபத்தொன்பது குரோனர்.
வெளியே ஒரே தகரம்.
உள்ளே, இரவெல்லாம் எண்ணெயை
வழியவிடாமல் பிடித்துவைக்கும் ரப்பர் நாக்கு:
மலிவில் கறுப்பு, மற்றதில் ஆரஞ்சு.
மரித்தின் மேசையிலேயே விரலால் அமுக்கினாள்.
கறுப்பு முறைத்தது.
ஆரஞ்சு அமுங்கி, திரும்பி வந்தது.

சனிக்கிழமை. பனி பெருக்கிய கராஜ்.
பழைய வடிகட்டியைக் கழற்றி
தகரக் கத்தரியால் நறுக்கி
மடிப்பை விரித்தாள்.
பானைச் சோற்றுக்கு ஒரு சோறு.
கருங்கூழ். நடுவே
மீன்செதில் போல மினுக்கும் உலோகத் துகள்.

பெஞ்சில் சர்வீஸ் புத்தகம் கிடந்தது,
விற்ற ஸ்டூரெ கையில் திணித்தது:
"வருடம் தவறினதில்லை."
முத்திரை பதினேழு.
ஒரே மை, ஒரே சாய்வு,
ஒரே மதியத்தில் குத்தியவை மாதிரி.
நறுக்கிய தகரத்தைத் துடைத்தாள்.
தயாரித்த வருடம் அச்சாகியிருந்தது.
ஆறு வருடம் முந்தையது.

போன் செய்தாள். கத்தவில்லை.
அடித்தொட்டி இறக்க வேண்டும்,
உறிஞ்சுகுழல் வலை அடைத்திருக்கும்,
கேஸ்கெட், வேலை எல்லாம் சேர்த்து
ஆயிரத்து இருநூறு, என்றாள்.
அந்தப் பக்கம் ஒரு நாய் இரண்டு முறை குரைத்தது.
பிறகு லைன் இல்லை.

இரவு ஒன்பதுக்குப் பணம் வந்தது,
செய்தி எதுவும் இல்லாமல்.
ஆயிரத்து இருநூற்று எண்பது.

அந்த எண்பதைக் கொஞ்சநேரம் பார்த்திருந்தாள்.
அவனும் ஒரு கடை மேசையில்
இரண்டு ரப்பரையும் அமுக்கிப் பார்த்தவன்தான்.

திங்கள், மைனஸ் இருபத்தொன்பது.
சாவி.
சிவப்பு விளக்கு ஒன்று எண்ணுவதற்குள் அணைந்தது.

ஆலை வாசலில் வண்டியை நிறுத்தி
இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.
டாக் கண்ணாடியைத் தட்டுகிறான்:
என்ன, வேலைக்கு வரவில்லையா?
ஒரு விரல் காட்டுகிறாள்.
ஒரு நிமிடம்.
உள்ளே ஒருவர்
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்.