சோதனை, ஒன்று, இரண்டு

கிடங்கு வாடகை கட்ட வழியில்லை.
முறியடிப்பு நடவடிக்கை தொடங்குவதற்கு முதல்நாள்
எட்டு ஒலிபெருக்கிகளையும் வீட்டுக்கே ஏற்றி வந்தேன்.
மின்தூக்கியில் ஒரு நடைக்கு ஒன்றுதான் பிடிக்கும்.
ஒன்பதாம் மாடி வரை
அதுவும் நானும் ஒரு மீட்டர் தள்ளியே நின்றோம்.

வரவேற்பறை இப்போது இப்படி:
சோபா இருந்த இடத்தில் பேஸ் பெட்டி.
பேஸ் பெட்டிமேல் தொலைக்காட்சி.
மூலையில் நான்கு மேடை விளக்குகள்
வகுப்பில் தண்டனை வாங்கியவைபோல்
சுவரைப் பார்த்துத் திரும்பி.
விமலேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை.
மிக்சர்மேல் ஒரு துணியைப் போட்டு
அதன்மேல் மடித்த துணிகளை அடுக்கினாள்.

நாட்காட்டியில் நான் இன்னும் எதையும் அடிக்கவில்லை.
பன்னிரண்டு, செங்காங், நிச்சயதார்த்தம்.
பத்தொன்பது, திருமண வரவேற்பு, எண்ணூறு பேர்.
இருபத்தாறு, பாசிர் ரிஸ், காதுகுத்து,
"சத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கணும் அண்ணே."
முன்பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் இருவர்.
கேட்காதவர் ஒருவர்.
அவர்தான் என்னைத் தூங்க விடவில்லை.

காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் பள்ளி.
தாரகைக்குக் கொடுத்த மடிக்கணினியில் ஒலி வரவில்லை.
இணைத்துக் கொடுத்தேன்.
ஆயிரம் பேர் கூடும் மண்டபத்துக்கான பெட்டியில்
மிஸ் டான் பின்னம் நடத்தினார்.
நாலில் மூன்று. நாலில் மூன்று.
கீழ்வீட்டுத் திரு. ஓங்
துடைப்பக் கட்டையால் கூரையில் மூன்று தட்டுத் தட்டினார்.
நாலாவதற்குக் காத்திருந்தோம்.
வரவில்லை.
"விடை சரி," என்றான் சின்னவன்.

கம்பியில்லா மைக்கில் பேட்டரி மிச்சமிருப்பதைக்
கண்டுபிடித்தவனும் அவன்தான்.
அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே அறிவிப்பு.
கழிவறையில் இருப்பவரின் கனிவான கவனத்திற்கு,
பத்து நிமிடம் ஆகிவிட்டது.
மேகி மீ தயாராக உள்ளது, வந்திருக்கும் பெரியோர்கள் அனைவரும்
இருந்து விருந்துண்டு செல்லுமாறு.
வெள்ளை நிற வேனின் உரிமையாளர் உடனடியாக
வேனை நகர்த்தவும்.

வேன் நகரவில்லை.
கீழே அதே கட்டத்தில்,
கண்ணாடி முழுக்க மைனா எச்சம்.
சன்னல் வழியாக அதைப் பார்ப்பதும்
ஒரு நிகழ்ச்சிதான், மாலை ஐந்து மணிக்கு.
பிறகு மின்விசிறிக்குக் கீழே படுக்கைவிரிப்பைக் கட்டிப் படம்.
பேய் வரும் காட்சியில் விரிப்பு அசைந்தது.
பேய்க்குத் தொப்பை விழுந்தது.
சின்னவன் சிரித்துச் சிரித்து விக்கினான்.

பத்தொன்பதாம் தேதி, இரவு ஏழரை.
அந்நேரம் மணமக்கள் மண்டபத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும்.
யாரும் கேட்காமலே விளக்கு ஒன்றைத் திருப்பிப் போட்டேன்.
வெளியே துணி காயும் மூங்கில்கள் ஊதாவாகின,
என் பனியன், தாரகையின் பள்ளிப் பாவாடை, எல்லாம்.
எதிர் புளோக்கில் யாரோ கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அப்போதுதான் அவள் மைக்கை வாங்கினாள்.
சிரிக்கத் தயாராக உட்கார்ந்தோம்.

"சோதனை," என்றாள். "ஒன்று, இரண்டு."
கொஞ்சம் இடைவெளி.
"மார்ச்சிலேயே என் சங்கிலியை அடகு வச்சிட்டேன்.
யாரும் பதற வேண்டாம்.
வீட்டுத் தவணை கட்டியாச்சு."

ஒலியை மிகக் குறைவாகத்தான் வைத்திருந்தேன்.
இருந்தாலும் அது சமையலறை வரை போனது.
பதினேழு வருடம் எத்தனையோ வீட்டுக் குரல்களுக்குப்
பதம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.
இந்தக் குரல் எந்த அளவில் நிற்கும் என்று
கைக்குத் தெரியவில்லை.
துணிகளை இறக்கி வைத்தேன்.
கூர்மையைச் சற்றுக் குறைத்தேன்.
அடியை ஒரு சிட்டிகை ஏற்றினேன்.
அவள் பேசவில்லை, மூச்சு மட்டும்
இரண்டு பெட்டிகளிலும் வந்துகொண்டிருந்தது.

கீழிருந்து கட்டை தட்டவில்லை.

பிள்ளைகள் தூங்கிய பிறகு கேபிள்களைச் சுற்றினேன்.
சுற்றிப் பழகிய பக்கம் கேபிளுக்கு ஞாபகம் இருக்கும்.
மாற்றி முறுக்கினால் வெளியே தெரியாது,
உள்ளே ஒடியும்.
அவள் பேஸ் பெட்டிமேல் உட்கார்ந்து
காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மீட்டுடலாம்," என்றேன்.

"கேக்கல," என்று
மைக்கை நீட்டினாள்.