ஏகமனதாக

மல்லாவியில் தகரக் கொட்டகை டியூசன்.
உயர்தர வகுப்பு, அரசியல் பாடம்,
அமெரிக்காவின் முதல் ஐம்பது ஆண்டுகள்.
பலகையில் ஓர் ஏணி வரைந்தேன்.
அடிப்படியில் காணி உள்ளவன்,
அடுத்ததில் வரி கட்டியவன்,
உச்சியில், வெள்ளைத் தோலோடு பிறந்த எந்த ஆணும்.
‘வாக்குரிமை இப்படித்தான் வளர்ந்தது.’
சோக்குத் தூள் சட்டையில் கொட்டியது.

ஏறியவர்களின் கால் பட்டு விழுந்தவர்களையும் சொன்னேன்.
நியூ ஜேர்சியில் ஐம்பது பவுண் சொத்திருந்தால் போதும்,
பெண் வாக்களிக்கலாம், கறுப்பர் வாக்களிக்கலாம்.
கலியாணம் கட்டியவளின் சொத்துப் புருசனுக்குச் சொந்தம்.
ஆகவே சாவடிக்கு வந்தவர்கள்
கைம்பெண்களும், தாலி ஏறாதவர்களும்.
முப்பத்தொரு வருடம்.
பிறகொரு சட்டம்:
ஏழை வெள்ளையனுக்குக் கதவு திறந்த அதே கை
இவர்களுக்கு அதைச் சாத்தியது.

பின்வாங்கிலிருந்து லோஜிதா கேட்டாள்,
“அந்தப் பொம்பளைங்ககிட்ட கேட்டாங்களா சேர்?”
அந்த ‘ங்க’வுக்கு முன்வாங்கு சிரித்தது.
அவளது பாட்டன் மலையிலிருந்து வந்து
நாற்பத்தைந்து வருடமாயிற்று,
இன்னும் காதால் கண்டுபிடிக்கிறார்கள்.
“இல்லை” என்றேன்.
சோதினைக்கு வராது என்றும் சொன்னேன்.

பின்னேரம் மூன்றுக்குச் சிறுபோகக் கூட்டம்.
கமக்கார அமைப்பின் செயலாளர் நான்.
குளத்தில் ஆறடித் தண்ணீர், வயலெல்லாவற்றுக்கும் காணாது.
மூன்றாம் வாய்க்காலைப் பூட்டினால்
மற்ற இரண்டும் தப்பும்.
என் ஒன்றரை ஏக்கர் முதலாம் வாய்க்காலில்.

மூன்றாவதில் புஸ்பமலரின் இரண்டேக்கர்.
பெர்மிட் புருசன் பெயரில்.
அவர் வட்டுவாகலில் பேர் பதிந்து பஸ்சில் ஏறியவர்.
மரணச் சான்றிதழ் கொண்டுவா,
காணியை மாற்றித் தாறம் என்கிறது கச்சேரி.
அவள் கொண்டுபோகவில்லை.
ஜேர்சியிலென்றால் அவளை எண்ணியிருப்பார்கள்,
‘நான் கைம்பெண்’ என்று
தன் வாயால் அவள் சொன்னால்.

வாய்க்கால் முடிகிற இடத்தில்
லயம்போல் வரிசையாய்ப் பதின்மூன்று வீடு.
லோஜிதாவின் தாய் ராக்கம்மாவின் கத்தரிப் பாத்தி அங்கேதான்.
வரம்பு கட்டுவது, களை பிடுங்குவது, கதிர் பொறுக்குவது
எல்லாம் அவர்கள் கை.
காணி இல்லாத கை.

தலைவர் வைகுந்தர் நல்ல மனிதர்.
இதை எழுதாமல் விட்டால் பிழை.
ஓடின காலத்தில்
மாத்தளனில் அவரிடமிருந்த கடைசி மூட்டை அரிசியை
ராக்கம்மா வீட்டுக்கும் அளந்தவர்.
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்,
“ஆதரிக்கிறவை கையைத் தூக்குங்கோ.”
முப்பத்தெட்டுக் கை.
முப்பத்தொன்பதாவது என்னுடையது,
பேனையோடு உயர்ந்தது.

குறிப்பேட்டில் எழுதினேன், ‘ஏகமனதாக.’
என் கையெழுத்து வடிவென்றுதான்
என்னைச் செயலாளராக்கினார்கள்.

வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி புஸ்பமலர்.
உள்ளே ராக்கம்மா,
கூட்டத்துக்குத் தேத்தண்ணி ஊற்ற வந்தவள்,
சீனி காணுமோ என்று என்னைக் கேட்டாள்.
மரநிழலில் இன்னும் பதினைந்து பேர்.
எண்ணத்தான் செய்தேன்.
அச்சடித்த படிவத்தில்
‘வந்தோர்’, ‘வராதோர்’ என்று இரண்டு கட்டம்.
வந்து நின்றும் வராதவர்களை
எங்கே போடுவது?

மறுநாள் துருசுக்காரன்
மூன்றாம் வாய்க்கால் பலகையை இறக்கினான்.
பலகைக்கு அப்பால் கொஞ்ச நேரம் சேறு மினுங்கிற்று.

ஞாயிறு மறுபடி வகுப்பு.
ஆயிரத்து எண்ணூற்று இருபத்தெட்டாம் ஆண்டுத் தேர்தல்.
சனம் முன்னெப்போதும் இல்லாதளவு
திரண்டு வந்து வாக்களித்தது.
‘சனம்’ என்று எழுதியதும் சோக்கு முறிந்தது.
குனிந்து தேடுகிறேன்.
தேவைக்கு அதிகமாகவே தேடுகிறேன்.

பின்வாங்கில் லோஜிதா
கையைத் தூக்கியபடி இருக்கிறாள்.