முப்பத்திரண்டு பைட்

கொம்பனித்தெரு, நான்காம் மாடி.
குளிரூட்டி ஒழுகி
வாளி பாதி நிறைந்திருக்கிறது.
காப்புறுதிக் கம்பெனியின் பழைய தரவுத்தளத்தில்
ஒருவர் இப்படி நிற்கிறார்:

தில்லையம்ப�

பெயருக்கு ஒதுக்கிய இடம் முப்பத்திரண்டு பைட்.
வாசிக்கிற கண்ணுக்கு எட்டெழுத்து.
புள்ளியையும் கொம்பையும் விசிறியையும்
தனி ஆளாய் எண்ணுகிற பொறிக்குப் பதின்மூன்று.
ஆளுக்கு மூன்று பைட்; முப்பத்தொன்பது.
பத்து ஆள் ஏறியாயிற்று.
பதினோராவது ஆளின்
மூன்று காலில் இரண்டு உள்ளே இருக்கையில்
கதவைச் சாத்திவிட்டார்கள்.
கறுப்புக் கட்டத்துள் தெரிகிற கேள்விக்குறி
நசுங்கிப்போன ல.

புதிய தளத்துக்கு எந்தக் குறிமுறை,
வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றார் ஃபாஹிம் சேர்.
வெண்பலகையில் கொழும்பு என்று எழுதினேன்.
எட்டுக் குறி.

யூ.ரி.எஃப் முப்பத்திரண்டில் எல்லாரும் சமம்.
குறிக்கு ஒரு வீடு, வீட்டுக்கு நான்கு அறை.
ஆங்கிலத்து ஏ கூட
மூன்று அறையில் பூச்சியத்தை அடுக்கிவிட்டு
நான்காவதில் படுத்திருக்கும்.
இந்த ஊர் வாடகைக்குக் கட்டுமா அது?

பதினாறில் எங்களுக்கு இரண்டு.
ஊர் முழுவதும் பதினாறு பைட்டில் அடங்கும்.
ஆசை வந்தது, மறைக்கவில்லை.
ஆனால் எந்தப் பைட் முதலில் என்று
அனுப்புகிறவரும் வாங்குகிறவரும்
முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.
பேசாமல் ஒருதரம் அனுப்பிப் பார்த்தேன்.
க புரண்டு
சீன எழுத்தொன்றாய் எழுந்தது.
வாள்முனை என்று பொருளாம்.
யன்னலுக்கு வெளியே
துறைமுக நகரத்துப் பாரந்தூக்கி
யாரையும் பார்க்காமல் திரும்பிக்கொண்டிருந்தது.

எட்டில்
ஆங்கிலக் கொழும்பு ஏழு பைட்,
தமிழ்க் கொழும்பு இருபத்துநான்கு.
சில விசைப்பலகை
கொம்பையும் காலையும் பிரித்தே அனுப்பும்,
அப்போது இருபத்தேழு.
பார்த்தால் ஒரே ஊர். தேடினால் அகப்படாது.

அதே காலி வீதி, அதே நூறாம் நம்பர் பஸ்,
எனக்கு மட்டும் மூன்று ரிக்கெட்டா என்றேன்.

உதேனி பேனையை வாங்கி
பக்கத்தில் சிங்களத்தில் எழுதினாள்.
நான்கு குறி. பன்னிரண்டு பைட்.
"அபிடத் துனய்" என்றாள்,
எங்களுக்கும் மூன்றுதான்.

திரும்ப எண்ணிப் பார்த்தேன்.
இரண்டு எழுத்துக்கும்
ஒரே கட்டணம் அறவிடுகிற இடமொன்று இருக்கிறது.
அதற்காக இங்கே
எவரும் சட்டம் கொண்டுவரவில்லை.

ஃபாஹிம் சேருக்கு இதெல்லாம் வேண்டாம்.
கோப்பில் பாதி ஆங்கிலக் குறிச்சொல்,
வெளி உலகம் முழுக்க எட்டு,
சுருக்கினால் வித்தியாசம் தேயும் என்று
மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். ஒப்பமிட்டார்.

வெட்டுப்பட்டதை
எந்தக் குறிமுறையும் திருப்பித் தராது.
முந்நூற்றுப் பதினொரு பேர்,
இரண்டு மொழியிலும்.
தொலைபேசிதான் எடுக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் மணி அடித்தது.
"ஐயா, பட்டியலில் உங்கட பெயர்..."
அந்தப் பக்கம் மூச்சு நின்றது.
இந்த நகரத்தில்
பட்டியலில் பெயர் இருந்தாலும் பயம்
இல்லாவிட்டாலும் பயம் என்பதை மறந்துபோனேன்.
அவசரமாய்ச் சொன்னேன்: காப்புறுதி ஐயா, எழுத்துப் பிழை.

சிரித்தார்.
"எல்லாரும் தில்லை எண்டுதான் கூப்பிடுறவை.
மிச்சத்தை வேற ஆருக்கும் குடுங்கோ."

பதினெட்டு பைட். தாராளமாய் அடங்கும்.

"இல்லை, முழுக்கச் சொல்லுங்கோ" என்றேன்.
சொன்னார், ஒவ்வொரு எழுத்தாய்,
எனக்குத் தெரியாதென்று நினைத்து.
கடைசி ம் வரைக்கும்
தெரியாதவள் போலவே தட்டினேன்.

வாளி நிறைந்துவிட்டது.
உதேனி கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருகிறாள்.
இன்னும் முந்நூற்றுப் பத்து.