ஆறாவது பொருள்

நான் ஏறாத,
ஆனால் மாதாமாதம் பணம் கட்டுகிற
லிஃப்டுக்குப் பக்கத்தில்
நாலு மூலையும் செல்லோடேப் போட்டு
நிரல் ஒட்டுவார் செயலாளர் தணிகாசலம்.

ஆண்டுப் பொதுக்கூட்டம். மொட்டைமாடி. ஞாயிறு மாலை நான்கு.
ஒன்று, சென்ற கூட்டக் குறிப்பு.
இரண்டு, வரவு செலவு.
மூன்று, முகப்பு வளைவுக்குத் தங்க வண்ணம்.
நான்கு, சிசிடிவி.
ஐந்து, பொங்கல் கோலப்போட்டிக்கு நடுவர்.
ஆறு, தலைவர் அனுமதியுடன் இதர.

அந்த 'இதர'வுக்குள்தான்
மூன்று வருஷம் என்னைக் கிடத்தியிருந்தார்கள்.

கதவெண் ஜி-2, ரெயின்போ நகர்.
மழைக்கு எங்கள் தெரு விலாசம் மனப்பாடம்.
சாக்கடை எழும்பி வந்து
சம்ப் மூடியின் விளிம்பைத் தடவிப் பார்க்கும்,
பிறகு சாவகாசமாக உள்ளே இறங்கும்.
அதே தண்ணீர்தான் மோட்டார் ஏறி
மூன்றாம் மாடிக்கும் போகிறது.
அங்கே ஃபில்டர் இருக்கிறது.

நான் கேட்டது இரண்டடி.
விளிம்பை இரண்டடி உயர்த்த
கொத்தனார் சொன்னது பதினெட்டாயிரம்.
வளைவின் தங்கத்துக்கு எழுபது.

முதல் வருஷம் வாயால் சொன்னேன்.
'எழுதிக் குடுங்க சிஸ்டர்.'
அடுத்த வருஷம் எழுதிக் கொடுத்தேன்.
'நிரல் பிரிண்ட் ஆயிடுச்சே.'
மூன்றாம் வருஷம் 'இதர' வந்தபோது
சமோசாவும் வந்துவிட்டது.
நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்,
நான் உட்கார்ந்திருந்ததை மட்டும் விட்டுவிட்டு.

நைட் டியூட்டி. வார்டு அடங்கிய இரண்டு மணி.
பத்திரத்தோடு தைத்துத் தந்த துணைவிதிகளை
கேஸ் ஷீட் மாதிரி படித்தேன்.
பதினான்காம் விதி, பொடி எழுத்து:
உரிமையாளர் எவரும்
இருபத்தொரு நாள் முன்பு எழுத்தில் தரும் தீர்மானம்
நிரலில் சேர்க்கப்படும்.
சேர்க்கப்படலாம் இல்லை.
படும்.
நடுவே ஒரு 'லா' இல்லாததுதான்
அங்கே சட்டம்.

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.
கீழிருந்து இரண்டு மாடி மேலே போக
என் கடிதம்
தலைமைத் தபால் நிலையம் சுற்றி வந்தது.
மூன்றாம் நாள் அட்டை திரும்பியது,
பச்சை மையில் தணிகாசலத்தின் கையெழுத்து.

இந்த வருஷ நிரலில்
ஆறு, ஜி-2 உரிமையாளர் திருமதி செலின் மரியதாஸ்:
'சாம்பு விளிம்பை உயர்த்தல்.'
அச்சுப்பிழை. இருக்கட்டும்.
'இதர' ஏழுக்கு நகர்ந்திருந்தது.

'வழிமொழிபவர்?' என்றார் தலைவர்.
யாரும் வாய் திறக்கவில்லை.
டிஷ் ஆன்டெனாவில் ஒரு காகம் அலகைத் தீட்டியது.
'நான்' என்றார் துரைக்கண்ணு,
ஸ்கூட்டர் நிறுத்துவதற்காக
ஜூன் மாதம் என்னை ஏக வசனத்தில் திட்டியவர்.
என்னைப் பார்க்காமலே சொன்னார்:
'போட்டிருக்குல்ல. பேசித்தான் ஆகணும்.'

பேசினேன். நாலு நிமிஷம்.
குரல் நடுங்கியது, மூன்றாவது நிமிஷம் வரை.
மேலே தூக்கிய கைகள் ஏழு.
எதிராக ஒன்பது.

குறிப்பேட்டில் ஏறியது
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எண்ணிக்கை.
நகல் கேட்டேன். முகம் சுளித்துக் கொடுத்தார்கள்.
அன்றைக்கு சமோசா சூடாக இருந்தது.

துரைக்கண்ணு இப்போதும்
என் ஜன்னலை மறித்துத்தான் வண்டி நிறுத்துகிறார்.

ஐப்பசித் தூறல்.
சம்ப்பைச் சுற்றி என் செலவில் மணல் மூட்டை.
அடுத்த கடிதத்தில்
இரண்டடியை அடித்து ஒன்றரை என்று எழுதுகிறேன்.
இன்னும் இரண்டு கை வேண்டும்.