ஒன்பதாவது கட்டம்

போன வருஷக் கலண்டரின் பின்பக்கத்தில்
அடிமட்டம் வைத்து ஒன்பது கட்டம் கீறி
மாங்குளம் நூலகத்தில் சிவகங்கா தந்தாள்.
மாகாணத்துக்கு ஒரு புத்தகம்.
ஏலுமென்றால் போய்ப் பார்த்துவிட்டு
ரிக்கற்றை அந்தக் கட்டத்தில் ஒட்ட வேண்டும்.
பரிசு என்னவென்று கேட்டேன்.
"இன்னொரு மட்டை" என்றாள்.

நான் ஸ்ரேசனில் ரிக்கற் விற்கிறவள்.
அரைவட்ட ஓட்டைக்குள்ளால்
பதினொரு வருஷமாய் ஊர்ப்பெயர்களை வெளியே தள்ளுகிறேன்.
கோச்சிக்கும் கோச்சிக்கும் இடையில் வாசித்தேன்.

மேல் மாகாணம் ஒரு விடுதி:
பதின்மூன்று பெண்கள், ஒரு குளியலறை.
யார் வீடு திரும்பினாள் என்பது
கடைசி அத்தியாயத்தைத் தின்ற கறையானுக்குத்தான் தெரியும்.
சப்ரகமுவவில் ஒருவன் பக்கம் பக்கமாய்க் கிடங்கு வெட்டினான்,
மாணிக்கம் வரவில்லை,
நான் நித்திரையாகிவிட்டேன்.

ஊவாவுக்கு மட்டும் வாரண்ட் எடுத்துப் போனேன்.
புத்தகத்தில் இரண்டு பக்கம் விழுந்த அருவி
ஜன்னலில் மூன்று செக்கன்.
தெமோதரையில் கோச்சி
தான் வந்த பாதைக்குக் கீழாலேயே நுழைந்தது,
எல்லாரும் ஃபோனை வெளியே நீட்டினார்கள்.
முன்சீட்டுக் குழந்தை என் சால்வையில் சத்தி எடுத்தது.
இது எழுதியிருக்கவில்லை.
ரிக்கற்றை ஒட்டினேன்.

வடக்கைக் கடைசிக்கு விட்டிருந்தேன்,
சமைத்தவள் கடைசியாய்ச் சாப்பிடுவதுபோல.
சிவகங்கா எடுத்துவைத்தவற்றில்
யாழ்ப்பாணம் இருந்தது, தீவுகள் இருந்தன.
வன்னி, யாரோ கடந்துபோகிற பக்கங்களில்
காடு என்று ஒரு சொல்லாய் இருந்தது.

ஆனியில், காலைக் கோச்சியால் ஒரு பெடியன் இறங்கினான்.
முதுகுப்பை, வெயிலில் சிவந்த காது.
ஓட்டைக்குள்ளால் ஒரு மட்டையை நீட்டினான்:
சிங்களத்தில் ஒன்பது கட்டம்,
எட்டில் ரிக்கற்.
வெறுங்கட்டத்தில் விரலை வைத்து
"அக்கா, இங்க என்ன பாக்கிற?" என்றான்.

இவ்வளவு நாளும்
இன்னொருத்தனுடைய கட்டத்துக்குள்ளா
கதிரை போட்டு இருந்திருக்கிறேன்?

பெயர் இசுறு. ஊர் மாத்தறை.
என் தென்மாகாணப் புத்தகத்தில்
மாத்தறையில் கருவாடு காயவைக்கிற ஒரு தெரு வரும்.
அது இன்னும் இருக்கா என்றேன்.
அவனுக்குத் தெரியவில்லை.
சரி, கணக்கு நேர்.

துண்டுக் கடதாசியில் கீறிக்கொடுத்தேன்:
ஒட்டுசுட்டான் பஸ், முத்தையன்கட்டு, குளக்கட்டு.
நந்திக்கடலை அவன் கேட்கவில்லை.
நான் கீறவில்லை.
பழக்கத்தில்,
பாதையை விட்டு இறங்காதே என்று சொன்னேன்,
சைகையோடு, இரண்டு தரம்.

பின்னேரக் கோச்சிக்கு வந்தான்.
களிசான் முழங்கால்வரை ஈரம்,
சேர்ட் முழுக்க நாயுருவி,
சொப்பிங் பை நிறையப் பாலைப்பழம்.
ரோட்டிலே நின்று பறிக்கிற பழமில்லை அது.
"எவ்வளவு தூரம் உள்ளே போனாய்?"
ஸ்ரேசன் நாய் எழும்பிப் பார்த்தது.

வாயைத் திறக்கப் பார்த்தான்.
பழத்தின் பால் உதட்டை ஒட்டிவிட்டிருந்தது.
கையை அகல விரித்தான்: குளம்.
மூக்கிலிருந்து முழ நீளத்துக்கு இழுத்தான்: கூழைக்கடா.
தலையில் விறகுக்கட்டு, இடுப்பில் கத்தி,
முன்னால் நடந்து காட்டினான்:
யாரோ ஒருத்தி கூட்டிப் போயிருக்கிறாள்,
நான் இதுவரை போகாத இடத்துக்கு.

மாத்தறைக்கு ஒன்று கிழித்துக் கொடுத்தேன்.
வாங்கி, உதட்டில் ஒற்றி,
கட்டத்தில் ஒட்டினான்.
பிடித்தது.
பையில் பாதியை என் மேசையில் கொட்டினான்.
தேங்காயெண்ணெய் பூசு, விடும்
என்று கோச்சி வெளிக்கிடுகையில் சொல்லப்பார்த்தேன்.
என் வாயிலும் பழம்.

மற்ற நாள் மட்டை
விடுதிப் புத்தகத்தின் கடைசித் தாளோடு ஒட்டிக் கிடந்தது.
இழுத்தேன்.
எட்டுக் கட்டம் என் கையோடு வந்தது.
கறையான் தின்ற இடத்தில்
ஒன்பதாவது நின்றுவிட்டது.

சிவகங்கா விரித்துப் பார்த்தாள்,
மணந்தும் பார்த்தாள்.
தண்டம் ஐம்பது ரூபா என்று எழுதினாள்.