மூன்று இறக்கை

ஞானியார்விளை ஆலயத்தில் பதினோரு மின்விசிறி.
தெற்கு வரிசையில் நான்காவது என்னுடையது.
பாளையங்கோட்டையில் என் கடையிலிருந்தே எடுத்து,
பெயிண்டருக்கு முந்நூறு கொடுத்து,
இறக்கைக்கு ஒரு வரியாக எழுதச் சொன்னேன்.
முதலாவதில் ‘அன்பளிப்பு’.
அடுத்ததில் ‘யோ. தவசிகாமணி எலக்ட்ரிக்கல்ஸ்’.
மூன்றாவதில் இடம் மிச்சமிருந்ததால்
‘தேவனுக்கே மகிமை’.

பிரதிஷ்டைப் பண்டிகையன்று
ஐயர் ஜெபித்து சுவிட்சைப் போட்டார்.
எழுத்து கலங்கி,
வெள்ளை வளையமாகி,
அதுவும் போனது.
காற்று வந்தது.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.
விசிறி வேலை செய்கிற வரைக்கும்
என் பெயர் தெரியாது என்பதை
இருபது வருடம் விசிறி விற்ற நான் யோசித்ததில்லை.

இது லெந்து நாட்களின் நான்காம் ஞாயிறு.
தேரிச் சூடு வாசற்படி ஏறி வந்து
சபையாரோடு சபையாராக உட்கார்ந்திருந்தது.
பூச்சி அரிக்கிற பெட்டகங்களைப் பற்றி
ஐயர் சொல்ல ஆரம்பித்ததும் கரண்ட் போனது.
மைக் செத்தது.
பதினொன்றும் தன் தன் வேகத்தில் ஓய்ந்தன.
என்னுடையது நல்ல பேரிங்; கடைசியில்தான் நின்றது.
முதலில் அப்பாவின் தலையெழுத்து வந்தது.
பிறகு நான்.
கடலின் உப்புக்காற்று மூன்றே வருடத்தில்
முதல் இறக்கையில் இரண்டெழுத்தைத் தின்றிருந்தது.
‘அன்’ போய்
‘பளிப்பு’ மட்டும் நின்றது.
எங்கள் ஊர் நாக்குக்கு ழகரம் வராது.
நான் அதைச் சரியாகவே வாசித்தேன்.

நேர் கீழே, பாயில், என் தங்கை ஜெபக்கனி.
யாரோ பெற்ற பிள்ளையை மடியில் போட்டு
பாட்டுப்புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.
அவள் கழுத்தில் வியர்வை ஓடியது.

எட்டு வருடமாகிறது.
கிணற்றடிப் பதினாறு சென்ட்.
அடமானம் என்று சொல்லி நீட்டியது விடுதலைப் பத்திரம்.
‘நீ வாசிச்சிட்டியாண்ணே?’
அவ்வளவுதான் கேட்டாள்; கையெழுத்துப் போட்டாள்.
விற்றேன். கடைக்கு மாடி எழும்பியது.
இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரில் காய்க்கிற முருங்கையை
அவள் கூலிக்குப் பறிக்கிறாள்.

விசிறுகிற கை நிற்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
கடன்காரனைப் பார்க்கிற பார்வை
அதில் ஒரு துளியாவது இருந்திருந்தால்
வட்டி போட்டுக் கணக்குத் தீர்த்திருப்பேன்.
கணக்கு எனக்குத் தெரிந்த வித்தை.
அவள் முகத்தில் கணக்கே இல்லை.

கரண்ட் வந்தது.
பளிப்பு போனது, நான் போனேன்,
இடம் மிச்சமிருந்ததால் எழுதிய மகிமையும் போனது.
ஜெபக்கனி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு
கண்ணை மூடி அந்தக் காற்றை வாங்கினாள்.
கொடுத்தவன் பெயர் அவளுக்குத் தெரியும் போலிருந்தது.
அது தவசிகாமணி இல்லை.

வாசலில் செருப்புத் தேடும்போது ‘ஜெபா’ என்றேன்.
மேற்கொண்டு சொல்ல ஒரு வாக்கியம்
தொண்டைவரை வந்திருந்தது.
‘சோறு இருக்கு, வாரியாண்ணே?’

ரேஷன் அரிசி. முருங்கைக்கீரை.
அடுப்போரம் ஒரு பால்பவுடர் டப்பா,
உலைக்கு அளக்கும்போதெல்லாம்
கோயிலுக்கென்று ஒரு பிடி ஒதுக்குகிற டப்பா,
விளிம்புவரை நிறைந்து
மூடி சரியாக உட்காராமல்.

இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.
அதைக் கேட்கத்தான் வாய் வந்தது.
அவள் பானையைச் சாய்த்து
மிச்சம் முழுவதையும் என் தட்டில் போட்டாள்.