மாவு நிறுக்கும் தராசு

பகலெல்லாம் எண்ணெய்க்கு முன்னால் நிற்பவள் நான்.
காரைக்குடி முத்துப்பட்டணத்தில் பலகாரக் கடை.
தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை,
நாளைக்கு இரண்டு டின் எண்ணெய்,
தை மாசமென்றால் ஐந்து.
சேலையில், முடியில், கைப்பேசிக் கண்ணாடியில்கூட
கடலெண்ணெய் வாசம்.

மூட்டு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"பதினைந்து கிலோ இறங்குங்க ஆச்சி, அப்புறம் பேசுவோம்" என்றார்.
பத்துக்கு முடியாதா என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

மனுசர் ஏறுகிற மிஷின் வீட்டில் இல்லை.
வேலையாட்கள் போன பிறகு, ஒன்பதரைக்கு,
கடைக்கதவைச் சாத்திவிட்டு
மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினேன்.
தொண்ணூற்று மூன்று கிலோ நானூறு.
ஒரு மூட்டை அரிசிமாவு,
இன்னொன்றில் ஆறரை கிலோ மட்டும் குறைச்சல்.
மனசு அதற்கு விலையும் போட்டது.
பழக்க தோசம்.

திங்கட்கிழமைச் சந்தையில்
சின்னதாய் ஓர் இரும்புச் சட்டி வாங்கினேன்.
அதில் ஊற்றிய ஒரு தேக்கரண்டி எண்ணெய்
பெரிய வீட்டு முகப்பில்
தனியாக வந்து உட்கார்ந்த விருந்தாளிபோல்
எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் விழித்தது.

முதல் நாள் முட்டைக்கோஸ்
தண்ணீர் விட்டு அழுது கூழானது.
உப்பை முன்னாலேயே போட்டுவிட்டேன்.
மறுநாள் பீன்ஸ், வெளியே கரி, உள்ளே பச்சை.
காயைக் கழுவினால் துணியில் உலர்த்தணும்.
சட்டி புகையும்வரை பொறுக்கணும்.
கைப்பிடி கைப்பிடியாய்ப் போடணும்,
போட்டபின் கை நிற்கக் கூடாது.
கடைசியில்தான் உப்பு,
தட்டிய மிளகும் சோம்பும் அதற்கும் பிறகு.
முப்பது வருசம் அடுப்படியில் நின்றவள்
அந்த வாரம்தான் கண்டுகொண்டேன்:
எண்ணெய் நிறைய இருந்தால்
நம் தப்பு நமக்குத் தெரியாது.

அவுக தட்டை எட்டிப் பார்த்தாக.
"இது உனக்கா, வெள்ளாட்டுக்கா?"
சொல்லிவிட்டு
காலையில் மிஞ்சிய கவுணியரிசியில்
ஒரு கரண்டி நெய்யைக் கூட்டிக்கொண்டாக.
நான் காளானை மென்றேன்,
சத்தம் வராத காய் அது, கோபத்துக்கு உதவாது.
அடுத்த நாள் கொத்தவரை.

மூன்றாம் வாரம் தேவகோட்டையிலிருந்து போன்.
சீமந்தத்துக்குப் போன மணகோலம்,
ஆறு தூக்கு, ஒன்றிலும் உப்பில்லை.
செல்லக்கண்ணு தரையைப் பார்த்துச் சொன்னாள்,
"நீங்கதான் இப்பல்லாம் வாயில வைக்கிறதே இல்லையே."

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
அன்றைக்குச் சட்டியைத் தொடவில்லை.
வெந்த தேன்குழல் நாலு தின்றேன், ஐந்தாவது,
ஐந்தாவதை ஒடித்தபோதுதான்
அது எவ்வளவு நன்றாக இருக்கிறதென்று தெரிந்தது.
மூன்று வாரம் தள்ளி நின்ற நாக்கு
சீரகத்தைத் தனியாக, உப்பைத் தனியாக எடுத்து வைத்தது.
இப்போது ஈடுக்கு ஒன்று ஒடிப்பேன்.
ஓரத்தில் ஒரு துணுக்கு எனக்கு,
மீதி செல்லக்கண்ணுக்கு.
"எனக்கு மட்டும் மூட்டு இரும்பாலயா?" என்கிறாள்,
தின்றுகொண்டே.

நேற்று வெங்காயத்தாளும் குடைமிளகாயும்.
சட்டி சரியான சூடு.
விழுந்ததும் ஒரு சத்தம் வந்தது,
புதுக் கோடிச் சேலையை உதறும் சத்தம்.
அவுக பேப்பரை மடக்காமலே கேட்டாக,
"அதுல முட்டை போட்டா ஆகாதா?"
ஒரு முட்டை போட்டேன்.
இரண்டு தட்டு எடுத்தேன்.
வெள்ளாடு பற்றி இருவரும் பேசவில்லை.

எண்பத்தொன்பது கிலோ எழுநூறு.
டாக்டர் கணக்கில் இன்னும் பதினொன்றுக்கு மேல்.
படி இறங்கும்போது வலக்கால் இப்பவும் முனகுகிறது.

இன்று இரவு தராசுப் பக்கம் போனேன்.
பலகைமேல் பகலின் மாவு மெல்லிசாய்ப் படிந்திருந்தது.
ஏறப் போனவள் நின்றேன்.
எனக்கு முன்னாலேயே யாரோ ஏறி இறங்கியிருக்கிறார்கள்.
மாவில் இரண்டு பாதம்,
சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்தது.
முப்பத்தோரு வருசமாய் நான் அறிந்த விரல்.
அழிக்கவில்லை.
ஓரமாய்,
அந்தப் பாதங்களை மிதிக்காமல் ஏறினேன்.